துப்பாக்கி பிடித்த கையில் கேமரா



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம்ம பசங்க பலரும் விஞ்ஞானிகளையும் தலைவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு வேட்டைக்காரரை எடுத்துக்கொண்டேன். பெயர் ஜிம் கார்பெட். இமயமலை அடிவாரத்தில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய புத்தகம் ‘குமாயுன் புலிகள்’ என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது.

ஆனால் அவர் சுட்ட கதையை விட, சுடாமல் உட்கார்ந்திருந்த கதைதான் எனக்குப் பிடித்தது. பத்து வருஷம் முயன்றும் சரியாக வராத ஒரு வேலை, கடைசியில் அவருக்கு எப்படிக் கைகூடியது? அதில் டிப்ளமோ படிக்கிற நமக்கு ஒரு விஷயம் இருக்கிறது. முழுசாப் படிச்சுப் பாருங்க!

பருவத்தோடு இடம் மாறிய குடும்பம்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி நைனிடாலில் பிறந்தார். இன்று அது உத்தரகாண்ட் மாநிலத்தில் இருக்கிறது. ஐரிஷ் வம்சாவளிக் குடும்பம். அப்பா நைனிடாலில் போஸ்ட் மாஸ்டர். வெள்ளைக்காரர் வீடு என்றதும் பெரிய பங்களா, பணம் என்று நினைக்க வேண்டாம். வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்பே, 1881இல், அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் குடும்பத்தைத் தாங்கினார்.

கார்பெட் குடும்பத்துக்கு இரண்டு ஊர். கோடையில் மலை மேல் நைனிடால். குளிர்காலத்தில் மலை அடிவாரத்தில் காலாதுங்கி. ஒரு நாள் நடையில் இறங்கிவிடலாம். வருஷா வருஷம் இந்த ஏற்றமும் இறக்கமும் உண்டு.

இது அவர்கள் மட்டும் செய்தது இல்லை. அடிவாரப் பகுதிக்கு பாபர் என்று பெயர். கூழாங்கல்லும் சரளையும் நிறைந்த நிலம். மலையிலிருந்து வரும் ஓடைகள் பல இங்கே வந்ததும் பூமிக்குள் இறங்கிவிடும். கோடையிலும் மழையிலும் அடிவாரத்தில் மலேரியா பயம். அதனால் மலைக் கிராமத்து மக்களும் பனிக்காலத்தில் மாடு கன்றுகளோடு கீழே இறங்குவார்கள், வெயில் ஏறினால் மேலே போவார்கள். பறவைகளும் அப்படித்தான். மேலே பனி விழுந்தால் சின்னச் சின்ன மலைப் பறவைகள் எல்லாம் அடிவாரத்துக்கு வந்துவிடும். மனுஷன், மாடு, பறவை எல்லாமே ஒரே பாதையில் போய் வந்த காலம் அது.

இந்தப் போக்குவரத்துக்கு நடுவில்தான் சிறுவன் ஜிம் காட்டைப் படித்தார். பள்ளிக்கூடப் பாடத்தைச் சொல்லவில்லை, காட்டுப் பாடத்தைச் சொல்கிறேன். அண்ணன் டாம் ஒரு வாத்தியார். குன்வர் சிங் என்ற கிராமத்துப் பெரியவர் இன்னொரு வாத்தியார். இவர் திருட்டு வேட்டையில் கெட்டிக்காரர்! முதலில் கிடைத்த துப்பாக்கியோ ஒரு பழைய இரட்டைக் குழல். ஒரு குழல் வெடித்துப் பிளந்தது. கட்டை விரிந்துபோய் பித்தளைக் கம்பியால் கட்டியிருந்தது. மிச்சமிருந்த ஒரு குழலை வைத்துக்கொண்டுதான் காட்டைச் சுற்றினார்.

அவர் கற்றதில் பெரும்பகுதி காதால் கற்றது. புலியோ சிறுத்தையோ நடந்தால் காடு சும்மா இருக்காது. புள்ளிமான் கத்தும், கேளையாடு குரைக்கும், லங்கூர் குரங்கு மரத்து மேலிருந்து எச்சரிக்கும், மயிலும் காட்டுக்கோழியும் குரல் கொடுக்கும். எந்தக் குரல், எந்தத் திசை, எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று சேர்த்துப் பார்த்தால், கண்ணில் படாத புலி எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். பறவைகளைக்கூட அவர் தன் வசதிக்கு வகை பிரித்து வைத்திருந்தார். அழகுக்கு உரியவை, பாட்டுக்கு உரியவை, ஆபத்தைச் சொல்லித் தருபவை, செத்ததைத் தின்று சுத்தம் செய்பவை என்று அந்தப் பட்டியல் போகும். விஞ்ஞானப் புத்தகத்தில் இந்த வகை கிடையாது. ஆனால் காட்டில் நடப்பவனுக்கு உதவுகிற வகை இதுதான்.

மொகாமா காட்

கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. நம்ம வயசில், ஏறக்குறைய 18 வயதில், ரயில்வே வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் சில ரயில் எஞ்சின்கள் விறகில் ஓடின. காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, மரம் வெட்ட வைத்து, விறகு அனுப்பும் வேலை. எஞ்சின்கள் கரிக்கு மாறியதும் அந்த வேலை முடிந்தது.

அடுத்தது பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட். இங்கே சுமார் இருபது வருஷம் இருந்தார். தென்கரையில் அகலப் பாதை, வடகரையில் மீட்டர்கேஜ். நடுவில் கங்கை. அப்போது அங்கே பாலம் கிடையாது. ரயில் பாலம் வந்ததே 1959இல்தான். ஆகவே ஒரு வண்டியின் சரக்கை இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்கான ஒப்பந்தம் கார்பெட்டுக்கு. இயந்திரம் ஒன்றும் இல்லை. மூட்டை என்றால் தலைச்சுமை, நிலக்கரி என்றால் மண்வெட்டியும் கூடையும். அவரும் கூலியாட்களோடு நின்று வேலை செய்தார்.

ஆரம்பத்தில் மூன்று மாதம் பணம் வரவில்லை. ஆட்களுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் எல்லோரும் வேலை பார்த்தார்கள். இனி முடியாது என்று சொல்ல ஒரு ராத்திரி ஆட்களின் தலைவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டது, கார்பெட்டுக்கும் அன்று சாப்பாடு ஒரு சப்பாத்தியும் கொஞ்சம் பருப்பும்தான் என்பது. பேசாமல் திரும்பிப்போய் மறுநாளும் வேலைக்கு வந்தார்கள். என் அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். இந்தக் கதையை நான் அவரிடம் சொல்ல ஆரம்பித்தபோது, கூலி வராத மாதத்தில் அந்த முதலாளி என்ன சாப்பிட்டார் என்றுதான் முதலில் கேட்டார். சப்பாத்தியையும் பருப்பையும் சொன்னதும் தலையை ஆட்டினார். புலிக் கதை எதற்கும் அவர் அப்படித் தலையாட்டவில்லை!

அதே ஊரில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணும் கார்பெட்டும் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். உடனே சாதி குறுக்கே வந்தது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளோடு ஒரே குடிசைக்குள் மற்றவர்கள் உட்கார மாட்டார்களாம். ராம் சரண் ஒரு வழி கண்டுபிடித்தார். குடிசைச் சுவரை எடுத்துவிட்டார். சுவர் இல்லாமல் கூரை மட்டும் இருந்தால் அது குடிசை இல்லை, கொட்டகை. கொட்டகைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது! பள்ளிக்கூடம் நடந்தது, வளர்ந்தது, பிறகு அரசாங்கமே அதன் செலவை ஏற்றுக்கொண்டது.

சுவரைத்தான் எடுத்தார்கள், சாதியை எடுக்கவில்லையே என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்தப் பசங்க படித்தார்கள். எங்கள் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். கூரைக்குக் கீழே உட்கார இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

ஆட்கொல்லிகள்

1907இல் சம்பாவத் என்ற இடத்தில் ஒரு பெண் புலியைக் கார்பெட் சுட்டார். அது நேபாளத்தில் 200 பேரையும் குமாயுனில் 236 பேரையும், ஆக 436 பேரைக் கொன்றது. செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ் கோரைப்பல்லும் உடைந்திருந்தன. என்றைக்கோ எவனோ ஒருத்தன் சரியாகக் குறி பார்க்காமல் சுட்ட குண்டின் வேலை. பல் போன புலியால் மானைப் பிடிக்க முடியவில்லை, மனிதனைப் பிடித்தது. புலி பொல்லாதது என்று ஊர் சொன்னது. காரணம் ஒரு துப்பாக்கி என்று கார்பெட் கண்டார்.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல், எங்காவது ஆட்கொல்லி கிளம்பினால் கூப்பிடு கார்பெட்டை என்று ஆகிவிட்டது. பரிசுப் பணம் அறிவித்திருந்தால் அதை முதலில் ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்கள் வெளியேற வேண்டும். இந்த இரண்டும்தான் அவருடைய நிபந்தனை. காசுக்காகச் சுட்டவர் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்க!

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் எட்டு வருஷம் மக்களை நடுங்க வைத்த ருத்ரபிரயாகை சிறுத்தையை அவர் 1926 மே மாதம் சுட்டார். அரசாங்கக் கணக்குப்படி அது கொன்றது 125 பேர். அது பாலத்தைக் கடக்கும் என்று எதிர்பார்த்து அலக்நந்தா ஆற்றுத் தொங்குபாலத்தின் கோபுரத்தின் மேல் இருபது இரவு உட்கார்ந்திருந்தார். ஒரு இரவுகூட அது அந்தப் பக்கம் வரவில்லை. இருபது இரவும் வீண்! இந்தப் பொறுமைதான் பின்னால் கேமராவுக்குப் பயன்பட்டது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலி அதைத் தொட்டதும் விளக்கு மின்னிப் படம் பதிவாகும்படி செய்தார். தன் படங்களை 1927இல் புத்தகமாக வெளியிட்டார். இரவில் புலி தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம்! அதைப் பார்த்துக் கார்பெட்டுக்கும் ஆசை வந்தது. 1928இல் நண்பர் ஒருவர் அவருக்கு 16 எம்.எம். சினிமா கேமரா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

அப்போது அவர் வாழ்க்கையே பயணமாக இருந்தது. கோடைக்கு நைனிடால், குளிருக்குக் காலாதுங்கி. கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கனிக்காவில் நண்பரோடு சேர்ந்து வாங்கிய பண்ணைக்கு வேறு போய் வருவார். இடையில் ஆட்கொல்லி என்று தந்தி வந்தால் அதற்கும் ஓட வேண்டும். இந்த எல்லாவற்றுக்கும் நடுவில், காலாதுங்கியைச் சுற்றியுள்ள காட்டில் இருந்த நாட்களில் கேமராவோடு திரிந்தார். வீட்டுப் பக்கத்துக் காடுதான், சின்ன வயசிலிருந்து தெரிந்த காடுதான்.

பத்து வருஷம் ஓடியது. ஆயிரக்கணக்கான அடி பிலிம் செலவானது. மனசுக்குத் திருப்தியாக ஒன்றே ஒன்றுதான் வந்தது. புலியைக் கண்டுபிடிப்பதில் உலகத்திலேயே கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவருக்கே இந்த நிலை! ஏன்?

ஒன்று வெளிச்சம். புலி நடமாடுவது பெரும்பாலும் காலையிலும் அந்தியிலும். அந்தக் காலத்துப் பிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும். இரண்டாவது சத்தம். துப்பாக்கி ஒரு தடவை வெடித்தால் வேலை முடிந்தது. கேமராவோ படம் எடுக்கும் நேரம் முழுக்கச் சத்தம் போடும். சாவி கொடுத்து முறுக்கும் ஸ்பிரிங், பற்சக்கரங்கள், ஓடும் பிலிம் என எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். நமக்கு அது லேசான சத்தம். புலியின் காதுக்கு அது அபாய மணி. கேமராவை முடுக்கினால் புலி மாயம்!

சத்தத்துக்குச் சத்தம்

நம்ம வகுப்புப் பையனிடம் இந்தப் பிரச்சினையைக் கொடுத்தால் என்ன செய்வான்? கேமராவைப் பிரித்து கிரீஸ் போடுவான், பஞ்சு வைத்து அடைப்பான். கார்பெட் கேமராவை விட்டுவிட்டுக் காட்டைப் பார்த்தார்.

1938இல், ஒரு சிற்றோடை ஓடும் பள்ளத்தாக்கில் மறைவிடம் ஒன்றை அமைத்தார். காட்டுக்குள் ஒரு ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடையில் சின்னதாகத் தடுப்பு கட்டினார். தண்ணீர் தடுப்பின் மேல் ஏறி விழுந்து சலசலத்தது. அவ்வளவுதான் வித்தை! காட்டில் தண்ணீர் சத்தத்துக்குப் பயப்படும் மிருகம் கிடையாது. அந்தச் சலசலப்புக்குள் கேமராவின் இரைச்சல் கரைந்துபோனது. சத்தத்தை நிறுத்த முடியவில்லையா, அதை மூடுகிற இன்னொரு சத்தத்தைக் கொண்டு வா! எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பர்களுக்கு இதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்டுடியோ தயாரானால் போதுமா? நடிகர்கள் வர வேண்டுமே! நான்கு மாதத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, புலிகளை அந்த இடத்துக்கு வரவழைத்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு புலிகள். பட்டப்பகலில், பயமில்லாமல், மிக அருகில் அவை உலாவுவதைப் படம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 62.

மொகாமா காட் பள்ளிக்கூடத்தையும் இந்த ஓடையையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மோதி உடைக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், சுற்றியிருப்பதில் எதை மாற்றலாம் என்று தேடியிருக்கிறார்கள். அங்கே சுவரை எடுத்தார்கள். இங்கே தடுப்பைக் கட்டினார். இரண்டுக்கும் ஆன செலவு ரொம்பக் கொஞ்சம்.

புகழ்ச்சி மட்டும் போதாது

கார்பெட் ஒரே நாளில் திருந்திய மகான் என்று நான் எழுத மாட்டேன். கேமரா கைக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, 1930இல், பவால்கட் பகுதியில் புகழ்பெற்ற ஒரு பெரிய ஆண் புலியைச் சுட்டார். அது ஆட்கொல்லி இல்லை. பல வருஷமாக எல்லா வேட்டைக்காரர்களும் ஆசைப்பட்ட புலி, அவ்வளவுதான். ஆசை அவரையும் விடவில்லை. மாறுவது என்பது மெதுவாக நடக்கிற காரியம் போலிருக்கிறது. படம் எடுப்பது தோலைச் சுவரில் மாட்டுவதை விடப் பெரிய இன்பம், அதற்குத் திறமையும் அதிகம் வேண்டும், படத்தை ஊரே பார்க்கலாம் என்று பிற்பாடு அவரே எழுதினார். சுட்டுப் பார்த்தவர் சொன்னதால் அந்தப் பேச்சுக்குக் கனம் அதிகம்.

புலி பாவம் என்று சொல்லிக் கிராமத்தானை மறந்தவரும் இல்லை. காலாதுங்கி பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை வாங்கிக் குடியானவர்களை அமர்த்தியிருந்தார். காட்டுப் பன்றியும் மானும் பயிரை அழித்தன. மிருகத்தையெல்லாம் சுட்டுத் தள்ளுங்கள் என்று சொல்லாமல், தன் செலவில் ஊரைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பினார். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் தடை, பயிருக்குச் சுவர் காவல். எங்கே எது வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லவா?

1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாயுன் பக்கத்துக் காட்டில் அமைந்தது. முன்னாள் கவர்னர் ஹெய்லியின் பெயர் அதற்கு. அது அமையப் பேசியும் எழுதியும் பாடுபட்டவர்களில் கார்பெட் முக்கியமானவர்.

கடைசிக் காலம்

இரண்டாம் உலகப் போரில், வயதான காலத்தில், காட்டில் உயிர் பிழைப்பது எப்படி என்று சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மலேரியா அவரை உருக்கியது. 1944இல் ‘மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாயுன்’ வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. முதல் பதிப்பின் வருமானத்தைப் போரில் கண் இழந்த இந்தியச் சிப்பாய்களின் விடுதிக்குக் கொடுத்தார்.

1947 நவம்பரில் அக்கா மேகியோடு இந்தியாவை விட்டுக் கென்யா போனார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சோட்டி ஹல்த்வானி நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். கென்யாவில் நியேரி என்ற ஊரில் தங்கினார். அங்கும் கேமராவை விடவில்லை. 1955 ஏப்ரல் 19ஆம் தேதி அங்கேயே காலமானார். சிறிது காலத்துக்குள் இங்கே அந்தத் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அதே காட்டில்தான். அதற்கு முந்தைய வருஷம், 1972 கணக்கெடுப்பில், இந்தியா முழுவதும் 1,827 புலிகள்தான் இருந்தன. 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடு 3,682. அதில் கார்பெட் காப்பகத்தில் மட்டும் 260.

நமக்கு என்ன?

நண்பர்களே, படித்து முடித்து நாம் பல ஊருக்குப் போவோம். சிலர் ஆறு மாசம் ஒரு சைட், ஆறு மாசம் இன்னொரு சைட் என்று அலைவோம். ஊர் மாறிக்கொண்டே இருந்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது என்று சொல்வார்கள். கார்பெட் வாழ்நாள் முழுக்க ஊர் மாறினார். ஆனால் இருந்த இடத்தில் இருந்த நாட்களில் முழுசாக இருந்தார். எந்தப் பறவை எப்போது வந்தது, எந்தப் பக்கம் மான் கத்தியது, ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று கவனித்தார். அந்தக் கவனம் இல்லாவிட்டால் தண்ணீர்ச் சத்தம் கேமராவுக்கு உதவும் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா?

நல்ல கருவி கிடைத்தால்தான் வேலை நடக்கும் என்று நாம் லேபில் குறைப்பட்டுக்கொள்கிறோம். கருவி நல்லதாகவே இருந்தும் பத்து வருஷம் அவர் நினைத்த படம் வரவில்லை. கருவி வேலை செய்ய வேண்டிய இடத்தைப் படித்த பிறகுதான் வந்தது. நம் பக்கத்துக் குளத்திலும் குளிர்காலத்தில் வெளியூர்ப் பறவைகள் இறங்குகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் போய் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கண் இருக்கிறது, காது இருக்கிறது. கார்பெட்டும் முதலில் அதை வைத்துத்தான் ஆரம்பித்தார்!